பெயரை மறைத்தால் மாறிவிடும் ‘தகுதி’

1

‘அறிவியலுக்குச் சாதி கிடையாது, நட்சத்திரங்கள் எல்லோருக்கும் பொது.’ கல்லூரி விழா மேடைகளில் இதைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. சொன்னதும் கைதட்டல் விழும். நட்சத்திரங்கள் பொதுதான், யார் இல்லை என்றது? நம் கேள்வி வேறு. நட்சத்திரத்தைப் பார்க்கிற கருவி யார் கையில் இருக்கிறது? அந்தக் கருவிக்கு முன்னால் நிற்கிற வரிசையை யார் போடுகிறார்கள்?

இன்றைய அறிவியலின் பெரிய கருவிகள் எவையும் தனியாள் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடியவை அல்ல. ஜவ்வாது மலையில், காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. புனே மாவட்டத்தில், கோடாட் கிராமத்தைச் சுற்றி ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ கிண்ணங்கள் நிற்கின்றன. இந்தூரில் இண்டஸ்-2 என்ற சின்க்ரோட்ரான். தில்லியில் பல்கலைக்கழகங்களுக்காகவே தொடங்கப்பட்ட துகள் முடுக்கி மையம். எல்லாம் மக்கள் வரிப்பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற காலனிக்காரரின் காசும் அந்த இரும்பில் இருக்கிறது.

கருவி ஒன்று, கேட்பவர் நூறு பேர். ஆகவே விண்ணப்பம் எழுத வேண்டும். என்ன பார்க்கப் போகிறோம், ஏன் பார்க்க வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று சில பக்கங்களில் எழுதி அனுப்பினால், அதே துறை ஆய்வாளர்கள் சிலர் குழுவாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். மேலே இருப்பவருக்கு நேரம் கிடைக்கும். கீழே இருப்பவருக்கு ஒரு வரிக் கடிதம் கிடைக்கும். இதற்குப் பெயர் ‘சக ஆய்வாளர் மதிப்பீடு’.

அந்த ‘சக’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள் தோழர்களே. யாருக்கு யார் சக?

எனக்குத் தெரிந்த ஒரு தோழி. அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்து, முட்டி மோதி ஆய்வுக்கு வந்தவர். அவர் தெருவில் முதல் பட்டதாரி. பொதுக் கருவி ஒன்றில் மூன்று நாள் நேரம் கேட்டு எழுதினார். பதில் வந்தது: விண்ணப்பதாரர் குழுவுக்குப் போதிய அனுபவம் இருப்பதாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். ஆய்வுக் கேள்வியில் என்ன குறை, கணக்கில் எங்கே பிழை, கேட்ட நேரம் கூடுதலா குறைவா, ஒரு சொல் இல்லை. அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டி அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

“அண்ணே, எழுதினதுல தப்புன்னு சொல்லியிருந்தா ராத்திரி முழுக்க உக்காந்து திருத்தியிருப்பேன். எழுதின ஆள்ல தப்புன்னா எதைண்ணே திருத்துறது?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி அமெரிக்காவில் ஒரு தொலைநோக்கியின் வாசலில் வேறொரு வடிவத்தில் கேட்கப்பட்டது. அங்கே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

2

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் ஏவப்பட்டது. உலகத்தின் எந்த நாட்டு வானியலாளரும் அதில் நேரம் கேட்கலாம். பால்டிமோர் நகரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் சுற்றுச் சுற்றாக விண்ணப்பங்களை வாங்குகிறது. பாடப்பிரிவு வாரியாகக் குழுக்கள். குழுவில் இருப்பவர்கள் முதலில் தங்கள் இடத்திலேயே படித்து மதிப்பெண் அனுப்புவார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துக் கடைசியில் நிற்பவற்றைக் கழித்துவிடுவார்கள். மிச்சத்தைக் கூடிப் பேசி, மறுபடி மதிப்பெண் போட்டு, வரிசைப்படுத்தி, நேரம் தீருகிற இடத்தில் ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு மேலே உள்ளவர் வானத்தைப் பார்க்கலாம்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் கையில் பல பத்து விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். எல்லாம் ஓரளவு நன்றாகவே இருக்கும், ஏனென்றால் எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். நல்லதற்கும் நல்லதற்கும் நடுவில் எதை வைத்துப் பிரிப்பது? அந்த இடத்தில்தான் குறுக்குவழி நுழைகிறது. ‘இவரா, இவர் செய்து முடித்துவிடுவார்.’ ‘இந்தக் குழுவை எனக்குத் தெரியும்.’ ‘இது யார், கேள்விப்பட்டதே இல்லையே?’ பேச்சு ஆய்வை விட்டுவிட்டு ஆளுக்குப் போகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. அதுதான் ஆபத்து. கெட்ட எண்ணமே இல்லாமல் ஒரு வேலி எழும்பிவிடுகிறது.

அந்த வேலி இருப்பது எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த நீல் ரீட் பத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளின் கணக்கை எடுத்து 2014இல் வெளியிட்டார். பெண் தலைமையில் வந்த விண்ணப்பங்களைவிட ஆண் தலைமையில் வந்தவை கூடுதல் விகிதத்தில் தேறியிருந்தன. ஒரு சுற்றை மட்டும் எடுத்தால் வித்தியாசம் சின்னது, தற்செயல் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தற்செயல் என்றால் ஒரு தரம் இந்தப் பக்கம் சாயும், மறுதரம் அந்தப் பக்கம் சாயும். இது சுற்றுக்குச் சுற்று ஒரே பக்கம் சாய்ந்தது. ஒரே பக்கம் சாய்கிற தராசை எந்தச் சந்தையிலாவது ‘தற்செயல்’ என்று விடுவார்களா?

முதலில் சின்னச் சின்ன வைத்தியம் பார்த்தார்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருந்த பெயரை உள்பக்கத்துக்குத் தள்ளினார்கள். முழுப் பெயருக்குப் பதிலாக முதலெழுத்து மட்டும் போடச் சொன்னார்கள். தீரவில்லை. இதை நாம் சொல்லியிருப்போம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டச் சொன்னது. வெட்டினோம். வெறும் இனிஷியலோடு நிற்கிறோம். விட்டானா? பேருல தெரியலன்னா ஊரைக் கேப்பான். ஊருல தெரியலன்னா தெருவைக் கேப்பான். பாதி மறைப்பது தேடத் தூண்டும்.

கடைசியில் 2018இல், ஹப்பிளின் 26ஆம் சுற்றில், முழுதாக மறைத்தார்கள். விண்ணப்பித்தவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது, மதிப்பிடுபவர் யார் என்று விண்ணப்பித்தவருக்கும் தெரியாது. பெயர் இல்லை, நிறுவனம் இல்லை. எழுத்து நடையையே மாற்றச் சொன்னார்கள். ‘நாங்கள் முன்பு கண்டறிந்தபடி’ என்று எழுதக் கூடாது; ‘இப்படிக் கண்டறியப்பட்டுள்ளது’ என்று மூன்றாம் ஆளின் வேலையைப் போல எழுத வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். மதிப்பெண் போடுவது அவர் வேலை இல்லை. ‘இது இன்னாருடையதாக இருக்கும்’ என்று பேச்சு திரும்பினால் நிறுத்துவதுதான் அவர் வேலை.

முடிவு: மொத்தம் 489 விண்ணப்பங்கள். பெண்கள் தலைமையில் வந்தவை 138, தேறியவை 12, அதாவது 8.7 விழுக்காடு. ஆண்கள் தலைமையில் வந்தவை 351, தேறியவை 28, அதாவது 8 விழுக்காடு. அந்த நெடிய கணக்கில் முதல் தடவையாகத் தராசு மறுபக்கம் அசைந்தது.

இங்கே நாம் ஏமாற வேண்டாம், பிறரை ஏமாற்றவும் வேண்டாம். 40 என்பது சின்ன எண். இரண்டு விண்ணப்பம் கை மாறியிருந்தால் கணக்கு திரும்பியிருக்கும். ஒரே ஒரு சுற்றை வைத்து ‘ஒழிந்தது பாகுபாடு’ என்று மேளம் அடிக்க முடியாது. ஆனால் சுற்றுக்குச் சுற்று ஒரே பக்கம் சாய்ந்த தராசு, பெயரை எடுத்ததும் சாயவில்லை என்பது சாதாரணச் செய்தி அல்ல. அந்தக் குழுக்களைக் கவனித்தவர்கள் இன்னொன்றையும் எழுதினார்கள்: பேச்சு ஆளை விட்டுவிட்டு ஆய்வுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு நாசா தன் மற்ற வானியல் தொலைநோக்கிகளுக்கும் இதே முறையைக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு முதல் சுற்றிலிருந்தே இதுதான் விதி. வெப்பின் நான்காம் சுற்றுக்கு 2,300க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, இருந்த நேரத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கேட்டு. வரிசை அவ்வளவு நீளமாக இருக்கும்போது ஒரு சின்னச் சாய்வு எத்தனை பேர் வாழ்க்கையைக் கவிழ்க்கும் என்று யோசியுங்கள்.

ஆக, தோழர்களே, நமக்குக் கிடைக்கிற பாடம் இதுதான். இத்தனை வருடம் ‘தகுதி’ என்று அவர்கள் அளந்ததில் ஒரு பங்கு பெயர். ஆய்வு மாறவில்லை, எழுதிய பெண்கள் மாறவில்லை. பெயரை மூடியதும் மதிப்பெண் மாறுகிறது என்றால், அந்த மதிப்பெண் எதற்குப் போடப்பட்டது?

3

உடனே வருவார்கள் வாதத்தோடு.

‘பெயரை மறைத்தாலும் யாருடையது என்று யூகித்துவிடலாம்.’ யூகிக்கலாம். ஆனால் யூகம் தப்பாகவும் போகும். யூகித்ததைக் குழுவில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அடுத்தவர் காதில் ஏறாத சிபாரிசு பாதி செத்த சிபாரிசு.

‘விலைமதிப்பற்ற கருவி. அனுபவம் இல்லாதவர் கையில் கொடுத்து நேரத்தை வீணடிப்பதா?’ இதுதான் என் தோழிக்கு வந்த கடிதம். இதற்கும் ஹப்பிள்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள். வரிசை முடிவான பிறகு, குழுவின் தகுதியைச் சொல்லும் தனித்தாளைத் திறப்பார்கள். செய்து முடிக்க ஆற்றல் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் காரணம் சொல்லி நிறுத்தலாம். ஆனால் அந்தத் தாளைப் பார்த்து யாரையும் மேலே தூக்க முடியாது. அனுபவத்தைப் பார்ப்பதில் தகராறு இல்லை. அதை எப்போது பார்ப்பது, எதற்குப் பார்ப்பது என்பதில்தான் தகராறு. வாசலிலேயே பார்த்தால் அது சாதிச் சான்றிதழ். கடைசியில் பார்த்தால் அது ஓட்டுநர் உரிமம்.

‘இதெல்லாம் வெளிநாட்டுப் பெண்கள் பிரச்சினை. நமக்கு என்ன?’ என்று நம் ஆட்களிலேயே சிலர் கேட்பார்கள். ஸ்வீடனைப் பாருங்கள். பாகுபாட்டுக்கு இடமில்லாத நாடு என்று பெயர் வாங்கிய நாடு. 1995இல் அங்கே மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுப் பணியிடங்களுக்கு விண்ணப்பம் வாங்கியது. கேட்டவர்கள் 114 பேர், அதில் பெண்கள் 52. கிடைத்தது 20 பேருக்கு, அதில் பெண்கள் 4. கிறிஸ்டின் வென்னெராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் மதிப்பெண் தாள்களைக் கேட்டார்கள். இரகசியம் என்றது மன்றம். வழக்குப் போட்டு, அந்த நாட்டின் ஆவண உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கினார்கள். 1997இல் ‘நேச்சர்’ இதழில் கணக்கை வெளியிட்டார்கள். ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே திறமை மதிப்பெண்ணை ஒரு பெண் வாங்க இரண்டரை மடங்கு ஆய்வுச் சாதனை தேவைப்பட்டது. பெண்ணாக இருப்பது ஒரு பாதகம் என்றால், மதிப்பீட்டுக் குழுவில் தெரிந்தவர் இருப்பது இன்னொரு சாதகம். அதையும் எண்ணிக் காட்டினார்கள்.

பெண் என்பதோடு நிற்கவில்லை. 2011இல் டோனா கிந்தர் குழுவினர் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வு நிதியைக் கணக்குப் பார்த்தார்கள். படிப்பு, வெளியீடுகள் எல்லாவற்றையும் சமன்செய்த பிறகும் கறுப்பின விண்ணப்பதாரர்கள் வெள்ளையரைவிட 10 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளாலேயே வருகிறது என்றது. சமூகத்தின் நோயை, சமூகத்தோடு சேர்ந்து ஆராயக் கேட்டவர்களுக்குக் கதவு குறைவாகவே திறந்தது. இது நமக்கு ஓர் எச்சரிக்கை. பெயரை மறைக்கலாம். எந்தக் கேள்வி ‘உயர்ந்தது’, எந்தக் கேள்வி ‘தாழ்ந்தது’ என்ற மனப்பழக்கத்தை எந்தக் காகிதம் மறைக்கும்?

4

இட ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டதும் ‘அறிவியல் செத்துவிடும்’ என்று மாரில் அடித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தொலைநோக்கியில் இட ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறது ஐயா! எங்கும் இருக்கிறது.

சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கி, 66 கிண்ணங்கள். அதன் நேரத்தில் வட அமெரிக்காவுக்கு 33.75 விழுக்காடு, ஐரோப்பாவுக்கு 33.75, கிழக்கு ஆசியாவுக்கு 22.5. எதற்கு? பணம் போட்டதற்கு. மிச்சம் 10 விழுக்காடு சிலிக்கு. எதற்கு? மண் கொடுத்ததற்கு. ஹப்பிள் நேரத்தில் 10 விழுக்காடு வரை இயக்குநர் தன் விருப்பப்படி தரலாம். வெப்பைக் கட்டும்போது கருவி செய்து கொடுத்த குழுக்களுக்கு முதல் சுற்றுகளில் உறுதி நேரம் எழுதியே கொடுத்தார்கள். பணக்காரன் கோட்டா, நிலத்துக்காரன் கோட்டா, செய்தவன் கோட்டா, தலைவன் கோட்டா. எதற்கும் ‘கோட்டா’ என்று பெயர் இல்லை. ‘பங்கு’, ‘உரிமை’, ‘விருப்ப நேரம்’ என்று கௌரவமான பெயர்கள். இவற்றால் அறிவியல் செத்ததா?

அதே அல்மாவில் 2020இல் ஜான் கார்பென்டர் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வட அமெரிக்க, ஐரோப்பிய விண்ணப்பங்கள் வரிசையில் மேலே நின்றன. சிலியிலிருந்தும் கிழக்கு ஆசியாவிலிருந்தும் வந்தவை கீழே நின்றன. ஒவ்வொரு சுற்றிலும் விண்ணப்பிக்கிற பழைய ஆட்களைவிடப் புதிதாக வருகிறவர்கள் கீழே நின்றார்கள். தொலைநோக்கி நிற்பது சிலியின் மண்ணில். வரிசையில் சிலிக்காரன் பின்னால். அந்தப் பத்து விழுக்காடு எழுத்தில் இல்லாவிட்டால் அவன் தன் மண்ணில் நிற்கிற கருவிக்கு வெளியே காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

2021இலிருந்து அல்மாவும் பெயரை மறைத்துவிட்டது. அதோடு இன்னொரு மாற்றம். பெரும்பாலான விண்ணப்பங்களுக்குத் தனிக் குழு கிடையாது. விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் மற்றவர்களின் பத்து விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். கேட்பவரே அளப்பவர். ‘சக’ என்ற சொல்லுக்கு அங்கே கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. இதிலும் குறைகள் இருக்கும். ஆனால் உயரமான மேசையை இழுத்துத் தரையில் போட முடியும் என்று தெரிந்துவிட்டது அல்லவா?

5

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பொதுச் சொத்து என்பதற்கு நம் வரலாற்றில் ஒரு பழைய பெயர் உண்டு: கிணறு. 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொதுப்பணத்தில் கட்டிய நீர்நிலைகள் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று தீர்மானம் போட்டது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு உரிமைத் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். தீர்மானம் இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. மகத் நகராட்சி குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கையில் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தக் குளம் யாருடையது என்ற கேள்வியே வெளியே வந்தது. குடித்த பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

‘எல்லோருக்கும் பொது’ என்ற பலகை ஒன்று. கயிறு யார் கையில் என்பது வேறொன்று.

புனேயின் 30 கிண்ணங்களையும் ஊட்டியின் ரேடியோ தொலைநோக்கியையும் நடத்துவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். இந்தூரின் சின்க்ரோட்ரானை நடத்துவது ராஜா ராமண்ணா மையம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டம் 2006இல் வந்தது. அந்தச் சட்டம் எங்கெல்லாம் பொருந்தாது என்று பின்னால் ஒரு பட்டியல் சேர்த்தார்கள். ‘தேசிய முக்கியத்துவம்’ வாய்ந்த நிறுவனங்களாம். மேலே சொன்ன இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2019இல் ஆசிரியர் பணியிடங்களுக்குச் சட்டம் வந்தபோதும் இதே மாதிரி ஒரு விலக்குப் பட்டியல். அதிலும் டாடா நிறுவனம் இருந்தது. தேசத்துக்கு எது முக்கியமோ அங்கே நாம் வேண்டாம். இதைச் சட்டமாகவே எழுதிவிட்டு, பிறகு ‘அறிவியலுக்குச் சாதி இல்லை’ என்று மேடை ஏறுகிறார்கள்.

கருவியை வைத்திருக்கிற இடத்தில் நம் பிள்ளை மாணவராக நுழைய வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஆசிரியராக நுழைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்புறம் மதிப்பெண் போடுகிற மேசையில் ‘சக’ ஆளாக எப்படி உட்காருவார்? இந்தக் கேள்விக்கு ‘தகுதி’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்: ஹப்பிள்காரன் ஆண் எத்தனை பெண் எத்தனை என்று எண்ணினான், குட்டு வெளிப்பட்டது. நீங்கள் சாதியை எண்ணி வெளியிடுங்கள் பார்ப்போம். எண்ணாமல் விட்ட நோய் இல்லாத நோய் ஆகிவிடுமா?

6

பெயரை மறைப்பது மட்டும் போதுமா? போதாது. விண்ணப்பம் மேசைக்கு வந்த பிறகுதான் அந்தத் திரைக்கு வேலை. மேசைக்கே வராதவர்களை அது என்ன செய்யும்?

சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனார் செந்தில்குமார். பன்றி வளர்க்கிற குடும்பம். 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் பிணமாகக் கிடந்தார். ஆய்வு வழிகாட்டி ஒதுக்குவதில் நடந்த இழுத்தடிப்பையும், அதில் அடிபட்டவர்கள் ஒதுக்கீட்டில் வந்த மாணவர்கள் என்பதையும் விசாரணைக் குழு பதிவு செய்தது. வழிகாட்டி இல்லாத மாணவர் எந்தக் கருவிக்கு விண்ணப்பம் எழுதுவார்? யார் கையெழுத்துப் போடுவார்? அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா, கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத ஆசைப்பட்டதாக எழுதி வைத்துவிட்டுப் போனார். நட்சத்திரங்களை நேசித்த பிள்ளைகள் இவர்கள். இவர்கள் எந்த மதிப்பெண் பட்டியலிலும் ‘தேறாதவர்கள்’ என்று வரமாட்டார்கள். பட்டியலுக்கே வராதவர்கள்.

இன்னொரு வாதம் நமக்குள்ளிருந்து வருகிறது. அதை மதித்துப் பேச வேண்டும். ‘நாம் தலைநிமிர்ந்து பெயர் சொல்கிற அரசியல் செய்கிறவர்கள். தலித் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவோம் என்று சொன்னவர்கள். இப்போது பெயரை மறைத்துக்கொண்டு உள்ளே போகச் சொல்கிறாயா? அது பழைய பயம் இல்லையா? பட்டணத்தில் வாடகை வீடு கேட்கும்போது சாதியை மறைத்த நம் அப்பன் செய்ததுதானே?’

இல்லை தோழர். அப்பா மறைத்தபோது வீட்டுக்காரன் பெயரோடு நின்றான், அப்பா மட்டும் பதுங்கினார். இங்கே எல்லோருடைய பெயரும் போகிறது. அக்ரகாரத்துப் பெயரும் போகிறது, மும்பையின் பெரிய நிறுவனப் பெயரும் போகிறது. அவன் அப்பா பேராசிரியர், மாமா குழுத் தலைவர் என்பதும் போகிறது. நமக்கு முகமூடி போடவில்லை. மதிப்பிடுபவன் கண்ணைக் கட்டுகிறோம். மதிப்பெண் விழுந்த பிறகு பெயரை உரக்கப் படிக்கட்டும். எந்தத் தெருவிலிருந்து வந்த பெயர் என்று ஊர் கேட்கட்டும்.

7

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று. பொதுப்பணத்தில் ஓடுகிற ஒவ்வொரு அறிவியல் கருவிக்கும் வருகிற விண்ணப்பங்களில் பெயரையும் நிறுவனத்தையும் மதிப்பிடுபவர் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். குழுத் தகுதித் தாள் கடைசியில் மட்டும் திறக்கப்பட வேண்டும்.

இரண்டு. விண்ணப்பதாரரின் சாதி, பால், படித்த கல்லூரி விவரத்தைத் தனித்தாளில் வாங்க வேண்டும். அது மதிப்பிடுபவர் கைக்குப் போகக் கூடாது. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் பெற்றார்கள் என்ற கணக்கைச் சுற்றுக்குச் சுற்று வெளியிட வேண்டும்.

மூன்று. மதிப்பீட்டுக் குழுக்களில் அரசுக் கல்லூரி, மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இருக்க வேண்டும்; தலித், பழங்குடி, பிற்பட்ட வகுப்பினர் இருக்க வேண்டும். பெயருக்கு ஒருவரைப் பிடித்துவந்து உட்கார வைப்பதை ஏற்க மாட்டோம்.

நான்கு. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆய்வு பற்றிய காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். ஆளைப் பற்றிய காரணம் செல்லாது.

ஐந்து. முதல் தடவை கேட்பவர்களுக்கென்று நேரத்தில் ஒரு பங்கு வேண்டும். மண் கொடுத்தவனுக்குப் பத்து என்றால், வரி கொடுத்தவனுக்கு எத்தனை?

ஆறு. 2006, 2019 சட்டங்களின் விலக்குப் பட்டியல்கள் ஒழிய வேண்டும்.

இதில் எதுவும் யாருடைய கருணையாலும் வராது. ஸ்வீடனில் இரண்டு பெண்கள் தாளைக் கேட்டார்கள், சண்டை போட்டார்கள், வாங்கினார்கள். நமக்கும் 2005இன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய நிறுவனத்துக்கு ஒரு மனுப் போடப் பத்து ரூபாய். இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்கிற நம்ம பசங்க ஆளுக்கு ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். போன ஐந்து ஆண்டில் எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்த எந்த நிறுவனத்திலிருந்து வந்தது, எவை தேறின, குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ‘அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை’ என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள். அதுவும் நமக்கு ஆதாரம்தான்.

என் தோழி அடுத்த சுற்றுக்கு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய ஆய்வுதான், கணக்கை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் அதே பெயர், அதே அரசுக் கல்லூரி. இந்தத் தடவை கடிதம் எப்படி வந்தாலும் காரணம் கேட்டு அடுத்த நாளே மனு போகும். மனுவின் நகலை எழுதி வைத்துவிட்டோம்.